டைனோசர் படத்தில் ஓட்டை பிடிப்பது எப்படி: முதலில் வரைபடம், அப்புறம்தான் சட்டைப் பொத்தான்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஓட ஆரம்பித்த ஹீரோ ஒரு சந்து திரும்பியதும் பெரம்பூர் ரயில் நிலையத்து வாசலில் வந்து நின்றால், வட சென்னைத் தியேட்டர் முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிடும். அதற்கு யாரும் குறிப்பு எடுக்க வேண்டியதில்லை. ஊரின் வரைபடம் அவரவர் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. டைனோசர் படங்களோ பெரும்பாலும் யாரும் போகாத ஒரு தீவில் நடக்கின்றன. வேலி எங்கே, ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று இயக்குநர் காட்டுவதுதான் நமக்குக் கணக்கு. அதனால்தான் யானை அளவு ஓட்டைகள் கண்ணில் படாமல் போக, ஹீரோவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பெருமைப்படுகிறோம்.

எடுத்துக்காட்டுகளுக்கு 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தையும் அதன் தொடர்ச்சிகளையும் எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாரும் பார்த்திருப்பார்கள், வீட்டில் போட்டுச் சரிபார்க்கவும் முடியும்.

எதைப் பிழை என்று எழுதலாம்

கண்ணில் பட்டதையெல்லாம் ‘லாஜிக் மிஸ்டேக்’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் பட்டியல் குப்பையாகிவிடும். நான்கு குவியல் வேண்டும்.

முதலாவது, கன்டினியூட்டி பிழை: ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் காரணமில்லாமல் மாறியிருப்பது. இரண்டாவது, கதை ஓட்டை: படம் தானே போட்ட விதியைத் தானே மீறுவது. மூன்றாவது, அறிவியல் சலுகை. நான்காவது, படம் சொல்லாமல் விட்ட விஷயம். முதல் இரண்டு மட்டும்தான் உங்கள் பட்டியலில் ஏற வேண்டும்.

மூன்றாவதில்தான் படித்தவர்கள் வழுக்கி விழுவார்கள். நிஜ வெலாசிராப்டர் வாலோடு சேர்த்து 2 மீட்டர் நீளம், எடையில் பெரிய வான்கோழி அளவு. அதற்கு இறகு இருந்ததற்கான அடையாளத்தை முன்கை எலும்பில் கண்டுபிடித்து அறிவித்ததே 2007இல்தான். டைலோபோசாரஸ் விஷம் துப்பியதற்கோ கழுத்தில் விசிறி விரித்ததற்கோ எந்தச் சான்றும் இல்லை. நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, டிஎன்ஏ 521 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது என்றது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வருவது டொமினிக்கன் குடியரசின் ஆம்பர் (இறுகிக் கல்லான மரப்பிசின்) சுரங்கம். ஆம்பருக்குள் சிக்கிய கொசு குடித்திருந்த ரத்தத்திலிருந்துதான் படத்தில் டைனோசர் டிஎன்ஏவை எடுக்கிறார்கள். அந்த நாட்டு ஆம்பரின் வயது சுமார் 2 கோடி ஆண்டுதான் என்பதால் அதற்குள் டைனோசர் ரத்தம் குடித்த கொசு இருக்க வழியே இல்லை. எல்லாம் சுவையான சங்கதிகள்தான், தனித் தாளில் எழுதி வையுங்கள். ஆனால் ‘இது முடியும்’ என்று முதல் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுத்தான் படம் மேலே போகிறது. அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துத்தானே டிக்கெட் வாங்கினோம்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது

டிவியில் ஓடும்போது ஓட்டை பிடிக்காதீர்கள். விளம்பரத்துக்காகச் சேனல்காரர்கள் வெட்டியதில் ஒரு வசனம் போயிருந்தால், படத்தில் இல்லாத ஓட்டை புதிதாக முளைத்திருக்கும். பழைய டிவி பிரதிகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தியேட்டரில் மேலும் கீழும் மறைக்கப்பட்ட பகுதியைச் சதுர டிவிக்காகத் திறந்து காட்டும்போது மைக்கும் லைட் ஸ்டாண்டும் எட்டிப் பார்க்கும். தியேட்டரில் யாரும் பார்த்திராத ஒன்றுக்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது.

பால் (PAL, நம் ஊர் டிவி முறை) டிவிடி வைத்திருந்தால் நேரக் கணக்கில் கவனம் தேவை. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அந்த டிவிடி 25 ஃப்ரேம். 127 நிமிடப் படம் 122 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் டிவிடி பார்த்து ‘1:05:00’ என்று குறித்தால், ஓடிடியில் பார்ப்பவருக்கு அது கிட்டத்தட்ட 1:07:40. ஆகவே எந்தப் பிரதி என்று தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

கணினியில் பார்த்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் போதும். ‘ஈ’ விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னால் நகரும். ஷிஃப்ட்டையும் ‘எஸ்’ஸையும் சேர்த்து அழுத்தினால் படம் பிடித்துக்கொள்ளும். ஓடிடியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் விழும், அங்கே நேரத்தை எழுதிக்கொள்வதே வழி.

முதல் தடவை நிறுத்தாமல், பேனாவைத் தொடாமல் பாருங்கள். கதை உங்களை எங்கே இழுக்கிறது என்று தெரியாமல் அது எங்கே ஏமாற்றுகிறது என்று தெரியாது. வேலை இரண்டாவது தடவையில் ஆரம்பம்.

வரைபடம்

ஒரு ஏ4 தாள், பென்சில், அழிரப்பர். ஒவ்வொரு முக்கிய இடமும் முதலில் திரைக்கு வரும்போது நிறுத்தி, ரோடு, வேலி, கட்டடம், மேடு, பள்ளம், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று போடுங்கள். அழகாக வேண்டாம். வேலிக்கு இரட்டைக் கோடு, ஆளுக்குப் புள்ளி, கேமரா இருக்கும் இடத்துக்கு ஒரு ‘வி’. கேமரா எதிர்ப்பக்கம் போனதும் இடதும் வலதும் மாறிவிடும் என்பதால், கேமராவைக் குறிக்காத வரைபடம் பத்தாவது நிமிடத்தில் உங்களையே குழப்பும்.

டி. ரெக்ஸ் (டைரனோசாரஸ் ரெக்ஸ்) வேலியை அறுத்துக்கொண்டு வெளியே வரும் காட்சியில் இதைச் செய்து பாருங்கள். பகலில் இரண்டு கார்களும் வேலி ஓரம் நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் தரைக்கு அடியிலிருந்து ஒரு ஆடு மேலே வருகிறது. ஆடு நிற்கும் தரையும் ரோடும் ஏறக்குறைய ஒரே மட்டம். தாளில் ‘ஆடு, சமதரை’ என்று எழுதுங்கள். இரவில் கரன்ட் போனதும் கார்கள் மறுபடி அதே வேலிக்கு முன்னால் வந்து நிற்கின்றன. மழை. ஆட்டைக் காணோம், அதன் கால் மட்டும் காரின் கண்ணாடிக் கூரையில் வந்து விழுகிறது. கம்பிகள் அறுபடுகின்றன, விலங்கு ரோட்டுக்குக் கால் எடுத்து வைக்கிறது. ஏறிக் குதிக்கவில்லை, நடந்துதான் வருகிறது. சமதரை என்ற குறிப்பு இரண்டாவது தடவையாக உறுதி.

சில நிமிடம் கழித்து அதே விலங்கு காரை உருட்டித் தள்ள, கார் விளிம்பைத் தாண்டிக் கீழே போகிறது. கீழே ஒரு மரத்தின் உச்சி. விஞ்ஞானி கிராண்ட்டும் காரில் வந்த சிறுமியும் கம்பியைப் பிடித்துச் சுவரில் தொங்கி இறங்குகிறார்கள். சமதரை இருந்த பக்கம் பல மாடி ஆழத்துக்குப் பள்ளம் வந்தாயிற்று. நமக்குக் கைவசம் ஆடு இருக்கிறது, கால் எடுத்து வைத்த ஷாட் இருக்கிறது, தொங்கும் ஷாட்டும் இருக்கிறது. மூன்றையும் ஒரே தாளில் வைத்தால் ஒத்துப்போகாது.

இங்கே படத்துக்காக வாதாடிப் பாருங்கள். கார் உருண்டு கொஞ்ச தூரம் போயிருக்கலாம், சமதரை முடிந்து பள்ளம் தொடங்கும் இடம் பக்கத்திலேயே இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அப்படி ஒரு இடத்தைப் படம் எந்த ஷாட்டிலும் காட்டவில்லை. அதனால் இது பட்டியலில் ஏறும். காரணமும் தெரிந்ததே: பகல் காட்சி ஹவாயின் கவாய் தீவில் வெளிப்புறத்தில், இரவுக் காட்சி கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்டூடியோ தளத்துக்குள். இரண்டு இடத்தை ஒட்டும் தையல்தான் பிரிகிறது. வெளிப்புறத்திலிருந்து செட்டுக்கு மாறும் எந்தக் காட்சியிலும் முதலில் தரை மட்டத்தைப் பாருங்கள், பிறகு மரங்கள், பிறகு வேலிக் கம்பங்களின் இடைவெளி.

துரத்தல் காட்சிகளில் தூரத்தையும் போடுங்கள். டி. ரெக்ஸின் வேகம் மணிக்கு 32 மைல் என்று படத்திலேயே ஒரு வசனம் வருகிறது. அது 51 கிலோமீட்டர், நொடிக்கு 14 மீட்டர். இந்த எண்ணை உணர ஒரு பயிற்சி: பேசின் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து வியாசர்பாடி ஜீவா நிலையம் வரை ஃபோன் வரைபடத்தில் அளந்து, மீட்டர் கணக்கை 14ஆல் வகுங்கள். அத்தனை நொடியில் அது வந்து சேரும். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், ஜீப் எந்த கியரில் போனால் தப்பும், ஓடும் மனிதர் எத்தனை நொடி தாக்குப்பிடிப்பார் என்பதெல்லாம் தானாகத் தெரியும். திரையில் நேரம் இழுக்கப்படுவது சினிமாவின் வழக்கம் என்பதால் சில நொடி முன்பின்னாக இருந்தால் விட்டுவிடலாம். அரை நிமிடத்துக்கு மேல் உதைத்தால் குறியுங்கள்.

பொழுதும் வெயிலும்

இதில் சென்னைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சென்னை 13 டிகிரி வடக்கு, கோஸ்டாரிகா 10 டிகிரி வடக்கு. இரண்டு இடத்திலும் அந்தி சட்டென்று முடியும். சூரியன் மறைந்து 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். கோஸ்டாரிகாவில் ஆண்டு முழுவதும் மாலை 5:15க்கும் 6:05க்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடுகிறது. தீவில் கதை நடக்கும்போது மேகம் சிவந்தபடி முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே நடந்தால், அந்த அந்தி வேறு ஊரில் பிடித்தது. உச்சி வெயிலில் நிழல் நீண்டு விழுந்தாலும் அதே கதைதான்.

கூடவே ஒரு பொறியும் உண்டு. காசிமேட்டில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. அந்தப் பழக்கத்தில் ‘கடலுக்குள் சூரியன் இறங்குகிறதே’ என்று குறித்துவிடாதீர்கள். கதைத் தீவு கோஸ்டாரிகாவுக்கு மேற்கே 120 மைல் தள்ளி, பசிபிக்கில் இருப்பதாகப் படமே எழுத்துப் போட்டுக் காட்டுகிறது. அங்கே கடலில் மறைவதுதான் சரி.

சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், கணினித் திரையில் ஓடும் நேரம் எதையும் விடாதீர்கள். வசனத்தில் ‘இன்னும் 18 நிமிடம்’ என்று யாராவது சொன்னால் உங்கள் கணக்கு அந்த வினாடியிலிருந்து தொடங்கட்டும்.

ஆளும் பொருளும்

நாலு பேர் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் உடையும் முடியும், ஒருவர் கையில் இருக்கும் பொருள், ஒருவர் பின்னணி, ஒருவர் விலங்கு மட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தால் எல்லாரும் டைனோசரைத்தான் பார்ப்பார்கள்.

பிழை பிடிபடும் இடம் ‘கட்’, அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டு. வெட்டுக்கு முந்தைய கடைசி ஃப்ரேமையும் பிந்தைய முதல் ஃப்ரேமையும் படம் பிடித்து அருகருகே வையுங்கள். முக்கியமாக, இருவர் பேசும் காட்சியில் ஒருவர் பக்கம் முழுவதையும் முதலில் எடுத்துவிட்டு, லைட்டை மாற்றி, பல மணி நேரம் கழித்துத்தான் எதிர்ப்பக்கத்தை எடுப்பார்கள். அதற்குள் டம்ளரில் தண்ணீர் ஏறி இறங்கும், சட்டைக் கை மடிப்பு அவிழும், நெற்றி முடி இடம் மாறும். நம் ஊர்ப் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அவரையும் மீறித் தப்புவது, யார் கையிலும் இல்லாத பொருள்: கண்ணாடியில் விழுந்த விரிசல், கார் வைப்பர் நிற்கும் இடம், சேற்றுக் கறையின் வடிவம், ஹெட்லைட் எரிகிறதா இல்லையா.

மழைக் காட்சி பொன் விளையும் நிலம். ஆட்களின் தலைமுடி ஈரத்தைத் தொடர்ந்து பாருங்கள். விலங்கின் தோலையும் பாருங்கள். இந்தப் படத்துக்காகச் செய்த முழு உருவ இயந்திர டி. ரெக்ஸின் தோல் நுரைரப்பர். செயற்கை மழையில் அது தண்ணீரை உறிஞ்சி எடை கூடி நடுங்க ஆரம்பித்தது, டேக்குகளுக்கு நடுவே துடைத்துக் காய வைத்தார்கள். அதே காட்சியில் முழு உடம்பும் நடக்கும் ஷாட்டுகள் கணினி வரைகலை, தலை மட்டும் அருகில் வரும் ஷாட்டுகள் பெரும்பாலும் இயந்திரம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெட்டில் உயரம், பளபளப்பு, பல்வரிசை மூன்றையும் ஒப்பிடுங்கள். அளவுக்கு ஒரு கோல் வேண்டுமென்றால், டி. ரெக்ஸ் ஏறக்குறைய 12 மீட்டர், மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம். காருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷாட்டில் அதை வைத்துப் பாருங்கள்.

படக்குழுவின் தடயம் தனி இனம். ராப்டர் (படத்து வெலாசிராப்டர்) சமையலறை வாசலில் எட்டிப் பார்த்து உள்ளே வரும் ஷாட்டில், வாலைப் பிடித்து நிறுத்தும் ஒரு மனிதக் கை ஒரு கணம் தெரியும். ஃப்ரேம் ஃப்ரேமாகத் தட்டினால்தான் மாட்டும். பூங்காவின் கணினி ஆள் நெட்ரி துறைமுகத்து ஆளோடு ‘நேரலையில்’ பேசும்போது அந்த ஜன்னலின் அடியைப் பாருங்கள்: பதிவு செய்த வீடியோவுக்கு வரும் பட்டையில் குறி இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்கும். கரு வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியில் ஸ்டெகோசாரஸ் என்ற பெயரின் எழுத்துப்பிழையும் உண்டு.

படத்தின் சட்டப் புத்தகம்

கதை ஓட்டைக்கு இன்னொரு தாள். படம் ஒரு விதியைச் சொன்னாலோ காட்டினாலோ, உடனே நேரத்தோடு எழுதுங்கள். வேலியில் மின்சாரம். அசையாமல் நின்றால் டி. ரெக்ஸுக்குத் தெரியாது. எல்லா விலங்கும் பெண். தவளை டிஎன்ஏ கலந்திருக்கிறது. டி. ரெக்ஸ் நடந்தால் டம்ளர் தண்ணீர் அதிரும். அப்புறம் ஒவ்வொரு விதிக்கும் நேரே, எங்கே பயன்பட்டது, எங்கே மீறப்பட்டது என்று இரண்டு கட்டம்.

எல்லாம் பெண் என்றால் முட்டை எப்படி வந்தது? சிலவகைத் தவளைகள் பால் மாறும் என்று படமே பதில் சொல்கிறது. ஓட்டை அடைபட்டது. ஆனால் நடந்தால் தண்ணீர் அதிரும் என்ற விதியைக் கடைசிக் காட்சியில் பாருங்கள். பார்வையாளர் கூடத்துக்குள் அத்தனை பெரிய விலங்கு வந்து நிற்கிறது. தரை அதிரவில்லை, ஒரு காலடிச் சத்தமும் இல்லை, ராப்டர்கூடக் கடைசி நொடி வரை அறியவில்லை. எலும்புக்கூடு உடைந்து விழுந்த சத்தத்தில் கேட்கவில்லை என்று வாதாடலாம். தண்ணீர் அதிர்வை அத்தனை அழகாகச் சொல்லிக் கொடுத்த படத்துக்கு அந்த வாதம் போதாது. இந்தப் படத்தின் ஆகப் பெரிய கதை ஓட்டை இதுதான். இத்தனைக்கும் அந்த இடத்தில்தான் தியேட்டரே கைதட்டும்.

வாதாடித் தோற்றால் மட்டும்

ஒவ்வொரு வரிக்கும் குழுவில் ஒருவர் படத்தின் வக்கீலாக இருக்க வேண்டும். அவர் சுலபமாக ஜெயிக்கும் வகைகள் உண்டு.

பாத்திரத்தின் முட்டாள்தனம் ஓட்டையாகாது. கதவை இரண்டு பெரியவர்கள் தள்ளிப் பிடித்திருக்க, துப்பாக்கி எட்டாத தூரத்தில் கிடக்க, சிறுவன் சும்மா நிற்கிறான். எரிச்சல் வரும்தான். ஆனால் பயந்த பிள்ளை அப்படி நிற்க முடியும். 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தில், கூண்டுக்குள் விலங்கு இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டு முடிப்பதற்குள் ஆட்கள் உள்ளே இறங்கிவிடுகிறார்கள். அதுவும் இந்த வகைதான். ஒழுங்காக விதி தெரிந்த வேலையாட்கள் அவசரத்தில் தப்புச் செய்வதை எந்தத் தொழிற்பேட்டையிலும் பார்க்கலாம்.

கேட்டவுடன் பொய் மாதிரி இருப்பதும் பிழையாகாது. சிறுமி கணினியில் முப்பரிமாணக் கட்டங்களுக்கு நடுவே பறந்து கோப்பு தேடுவதைப் பார்த்து அந்தக் காலத்திலிருந்தே கிண்டல் ஓடுகிறது. அது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் நிஜமாகவே இருந்த மென்பொருள். குறிப்பதற்கு முன் தேடிப் பார்த்திருந்தால் கிண்டல் செய்தவர்கள் தப்பித்திருப்பார்கள்.

வக்கீல் தோற்கும் வழக்கு 1997இல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ படத்தின் கப்பல். டி. ரெக்ஸ் சரக்கறைக்குள் அடைபட்டிருக்கிறது. மேலே மாலுமிகள் செத்துக் கிடக்கிறார்கள், சுக்கானைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்த உடம்பு நுழையவே முடியாத அறையில் இருந்தவர்களை யார் கொன்றது? கதை எழுதியவர்கள் மனதில் என்ன இருந்தாலும் சரி, வெளியான படத்தில் விடை இல்லை. வெளியான படத்தை மட்டும் வைத்துத்தான் தீர்ப்பு.

குறிப்பு எழுதும் முறை

ஒரு பிழைக்கு ஒரு வரி, இந்த அமைப்பில்: பிரதி, நேரம், முந்தைய ஷாட்டில் என்ன, பிந்தைய ஷாட்டில் என்ன, வகை, வக்கீலின் வாதம், தீர்ப்பு. ‘டி. ரெக்ஸ் சீன்ல பள்ளம் தப்பு’ என்று எழுதினால் யாரும் சரிபார்க்க முடியாது. ‘பகலில் வேலிக்கு உள்ளே ஆடு ரோட்டு மட்டத்தில்; இரவில் அதே வேலிக்கு உள்ளே மர உச்சி ரோட்டு மட்டத்தில்’ என்று எழுதினால் வாதாட வருபவர் அந்த இரண்டு ஷாட்டையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால், வசனத்தை ஆதாரமாகக் கொண்ட எல்லா வரிகளையும் மூல ஒலியில் மறுபடி கேளுங்கள். மைலைக் கிலோமீட்டர் என்று வாசித்துவிட்டால் உங்கள் வேகக் கணக்கு மொத்தமும் போச்சு. பாத்திரம் முதுகைக் காட்டி நிற்கும்போது வாயசைவு தெரியாது என்பதால், மூலத்தில் இல்லாத விளக்கத்தை டப்பிங்கில் செருகவும் வாய்ப்பு உண்டு. அப்போது மூலத்தில் இருக்கும் ஓட்டை தமிழில் அடைபட்டிருக்கும், அல்லது தமிழில் மட்டும் புதிதாக ஒன்று திறந்திருக்கும். அந்த வரிகளுக்கு ‘டப்பிங்’ என்று தனிக் குறி போட்டு வையுங்கள்.

கடைசியில் தாளைப் படம் பார்க்காத இன்னொருவரிடம் கொடுங்கள். நேரத்தை மட்டும் வைத்து அவரால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாத வரிகளை அடித்துவிடுங்கள்.